புதுக் கார் திருடு போனால் கையில் எவ்வளவு வரும்? – கேள்வி பதில்

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வாங்கி மூன்று வருடம்கூட ஆகாத கார் திருடு போனாலோ, மீட்க முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ என்ன கிடைக்கும் என்று வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். எல்லாம் இந்திய பாலிசிகளைப் பற்றியவை.

கேள்வி: சார், கார் எடுத்து நாலே மாதம். ஷோரூம் விலை 9 லட்சம், ஆன்ரோடு 10 லட்சத்து 60 ஆயிரம். வீட்டு வாசலிலிருந்து திருடிவிட்டார்கள். கம்பெனியில் 8,55,000 தான் என்கிறார்கள். நாலு மாதத்தில் இரண்டு லட்சமா தேயும்?

தேயவில்லை. அந்த இரண்டு லட்சம் உங்கள் பாலிசிக்குள் வரவே இல்லை. பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும், பாருங்கள். கார் திருடு போனாலும் முழுதாக அழிந்தாலும் அதுதான் உச்ச வரம்பு. கார் கம்பெனி அறிவித்த ஷோரூம் விலையில் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து அதைப் போடுவார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வருடம் வரை 30. உங்கள் 9 லட்சத்தில் 5 சதவீதம் போனால் சரியாக 8,55,000.

மீதி எங்கே போனது? தமிழ்நாட்டில் உங்கள் விலைக்குச் சாலை வரி 13 சதவீதம். அதுவே 1,17,000. அப்புறம் பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம். இவை எதுவும் ஐ.டி.வி. கணக்கில் சேராது. அதனால் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை. வண்டி விற்ற அன்று இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தத் தொகையிலும் கம்பெனி பிடித்துக்கொள்ளும் கட்டாயக் கழிவு ஒன்று உண்டு. 1500 சிசி வரை ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் இரண்டாயிரம்.

கேள்வி: எனக்குப் பதினோராவது மாதத்தில் திருடு போனது. அப்போ 15 சதவீதம் கழிப்பார்களா?

கழிக்கக் கூடாது. பாலிசி தொடங்கிய அன்று போட்ட ஐ.டி.வி. அந்தப் பாலிசி முடியும் வரை மாறாது. முதல் நாள் போனாலும் 364-ஆம் நாள் போனாலும் அதே தொகைதான். யாராவது நடுவில் தேய்மானம் கழித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பம்பர் டு பம்பர் போட்டிருக்கிறேன். முழுத் தொகையும் வந்துவிடும்தானே?

வராது தம்பி. அது ரிப்பேருக்கானது. பம்பர், கதவு மாற்றும்போது பாகங்களின் விலையில் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கார் முழுதாகப் போய்விட்டால் அதற்கு வேலையே இல்லை.

நீங்கள் தேடுவது ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற தனிச் சேர்க்கை. ஐ.டி.வி.க்கும் பில் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை அது தரும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் பெரும்பாலும் இதில் வரும். பிரீமியத்தைச் சில கம்பெனிகள் சேர்க்கும், சில சேர்க்காது. பொதுவாக மூன்று வருடம் வரையுள்ள கார்களுக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் மறக்காமல் சேர்க்க வேண்டும். முதல் வருடம் இருந்தது, புதுப்பிக்கும்போது ஏஜென்ட் விட்டுவிட்டார் என்று புலம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதுக் காருக்கு நான் ஒரே ஒரு சேர்க்கைதான் எடுக்கலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: விபத்தில் முன்பக்கம் அடி. பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. ஐ.டி.வி. 8 லட்சம், ஒர்க் ஷாப் எஸ்டிமேட் 6,20,000. டோட்டல் லாஸ் என்கிறார்கள். ஏன்?

ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது கார் முழுதாகப் போய்விட்டதாகக் கணக்கு. உங்களுக்கு அந்தக் கோடு 6 லட்சம். ஆனால் ஒர்க் ஷாப் எஸ்டிமேட் முடிவான கணக்கு இல்லை. சர்வேயர் போடும் மதிப்பீடுதான் கணக்கு.

பார்க்கச் சின்ன அடி என்கிறீர்கள். இந்தக் காலத்துக் காரில் அதுதான் மாயம். பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டர் பின்னால் தள்ளி ஃபேனில் முட்டியிருக்கும். ஏப்ரன், அதாவது எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் தகடு, மடிந்திருக்கும். சேஸிஸ் முனையில் பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் உள்ளே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஏர்பேக் வெடித்திருந்தால் டேஷ்போர்டு, சீட் பெல்ட், சென்சார், அதன் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து போகும். பாதி பில் அங்கேயே ஏறிவிடும்.

6,20,000 என்பது கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ரிப்பேரே வேண்டும் என்று நினைத்தால், எந்தப் பாகத்தை மாற்றாமல் சரிசெய்யலாம் என்று வரிவரியாகப் பேசலாம். என்னைக் கேட்டால், சேஸிஸ் வளைந்த புதுக் காரைத் திரும்ப எடுப்பதைவிடப் பணத்தை வாங்குவதே மேல்.

கேள்வி: ஆன்லைனில் ஐ.டி.வி.யைக் குறைத்தால் பிரீமியம் குறைகிறதே, குறைக்கலாமா?

பழைய காருக்கு யோசிக்கலாம். புதுக் காருக்கு வேண்டாம். ஐ.டி.வி.யைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை விரலால் இடப்பக்கம் தள்ளும்போது திரையில் பெரிதாகத் தெரிவது மிச்சமாகும் சில நூறு ரூபாய். இழப்பு நடந்தால் குறையப்போகும் எழுபதாயிரமோ எண்பதாயிரமோ அங்கே சின்ன எழுத்தில்கூட வராது.

கேள்வி: ஐயா, டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். புகார் கொடுத்தோம், ஆனால் கம்பெனிக்குச் சொல்ல ஒரு வாரம் ஆகிவிட்டது. எல்லாம் போச்சா?

இரண்டு விஷயம். தாமதம் முதலில். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வில் சொல்லிவிட்டது.

சாவி விஷயம் கஷ்டம். திருட்டுக் கிளெய்மில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். கவனக்குறைவு என்று மறுக்கவும் செய்வார்கள். ஆனால் சாவியோடு விட்டுப் போன லாரி திருடு போன வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம் கிளெய்ம் தொகையில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அதனால் உண்மையை அப்படியே எழுதிக் கொடுங்கள். 'சாவி தொலைந்துவிட்டது' என்று கதை கட்டினால் அந்த 75-ம் போய்விடும்.

அப்புறம், எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் நான் டிரேசபிள் சான்றிதழ் வந்தால்தான் பணம் நகரும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம்.

கேள்வி: லோன் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் இல்லாதபோதும் இ.எம்.ஐ. கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. கிளெய்ம் தொகை முதலில் பேங்குக்குப் போகும், மிச்சம் இருந்தால் உங்களுக்கு. ஆன்ரோடு விலைக்கே முழு லோன் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சம் இருக்காது, கைக்காசு போட்டுத்தான் கணக்கை முடிப்பார்கள்.

கேள்வி: பணம் வாங்கிய பிறகு கார் கிடைத்துவிட்டால்?

கார் கம்பெனிக்குச் சொந்தம். அந்த உரிமையை எழுதிக் கொடுத்த பிறகுதான் பணமே தந்திருப்பார்கள்.

கேள்வி: நொறுங்கிய காரைச் சால்வேஜ் (சேதமான வண்டி) வாங்குபவர் எடுத்துப் போனார். ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. பிரச்சினையா?

பிரச்சினைதான், இன்றைக்கே கவனியுங்கள். உங்கள் நொறுங்கிய காரின் ஆர்.சி.யும் சேஸிஸ் நம்பரும் திருட்டுக் கும்பலுக்குத் தங்கம். அதே மாடலில் திருடிய காருக்கு உங்கள் நம்பரை அடித்து விற்றுவிடுவார்கள். பெயர் மாற்றம் அல்லது பதிவு ரத்து, இரண்டில் ஒன்று நடந்ததற்கான காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐ.டி.வி.யைவிட ஒன்றரை லட்சம் குறைத்துக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் வரையுள்ள வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. போகும்போது பாலிசியின் முதல் பக்கத்தை மேலே வையுங்கள்.