பைலகுப்பே பஸ் ஏறும் முன்: திபெத்திய அகதிகளுக்கு உதவப் போகிறவர்களின் கேள்விகள்

இமாசலத்தில் தர்மசாலாவை ஒட்டிய மெக்லியோட் கஞ்சில் இரண்டு சீசன் திபெத்திய அகதிகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தேன். அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதம் கர்நாடகத்தில் இருக்கும் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பே. "நானும் போகலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செமஸ்டர் லீவில் பத்து நாள் கிடைக்கிறது. தர்மசாலா போய்த் தொண்டு செய்ய ஆசை. முடியுமா? (கல்லூரி மாணவி, கோவை)

போக வர ரயிலிலேயே பத்தில் பாதி நாட்கள் கரைந்துவிடும் தங்கச்சி. மிச்சத்தில் மலையைப் பார்ப்பாயா, பாடம் நடத்துவாயா? உனக்குப் பக்கத்தில் இருப்பது பைலகுப்பே. மைசூருக்குப் போய் மடிகேரி பஸ் பிடித்தால் எண்பது கிலோமீட்டர் சுமார். ஸ்கூல் டூரில் தங்கக் கோயில் என்று காட்டினார்களே, அந்த நம்ட்ரோலிங் மடம் இருக்கும் ஊர்தான். தலாய் லாமா 1959-இல் இந்தியா வந்த பிறகு, அன்றைய மைசூர் மாநில முதல்வர் நிஜலிங்கப்பா கொடுத்த காட்டு நிலத்தில் குடியேறியவர்கள் அங்கே இருக்கும் திபெத்தியர்கள். யானைக் காட்டை வெட்டி மக்காச்சோளம் போட்டார்கள்.

ஆனால் அங்கேயும் பத்து நாளைக்கு ஒரு வகுப்பை உன்னிடம் ஒப்படைக்க மாட்டார்கள், ஒப்படைக்கவும் கூடாது. ஒரு வாத்தியார் பத்தே நாளில் ஓடிப்போனால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? தர்மசாலாதான் என்று மனசு அடம்பிடித்தால் மெக்லியோட் கஞ்சில் 'லா' என்ற அறக்கட்டளை 1997 முதல் இயங்குகிறது. அங்கே ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வகுப்பு நடக்கும். அன்றைக்கு வந்தவர் அன்றைக்கு உட்கார்ந்து பேசலாம். குறைந்த நாளில் யாருக்கும் தொந்தரவில்லாமல் உருப்படியாகச் செய்யக்கூடியது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்தியும் தெரியாது, திபெத்திய மொழியும் தெரியாது. என்னால் என்ன பயன்? (மதுரை)

டீச்சர், இந்தக் கடிதங்களிலேயே அதிகம் பயன்படப் போகிறவர் நீங்கள்தான்.

மாணவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பிறந்த திபெத்தியப் பிள்ளைகள் நன்றாகவே ஆங்கிலம் பேசுவார்கள், அவர்களுக்கு நாம் தேவையில்லை. பெரியவர்களாகி எல்லை தாண்டி வந்தவர்களுக்குத் திபெத்தியமும் கொஞ்சம் சீனமும்தான் தெரியும். அவர்களும் துறவிகளும்தான் இந்த வகுப்புகளுக்கு வருகிறவர்கள். 2008-க்கு முன் வருடத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வருடம் லாசாவில் கலவரம் வெடித்து எல்லைக் காவல் இறுகிய பிறகு வரத்து மளமளவென்று குறைந்துவிட்டது. அதனால் இப்போது கூட்டமான வகுப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அவர்கள் வாயில் 'எஃப்' வராது, 'ப' ஆகிவிடும். நம் ஊரில் ஃபேன் பேன் ஆவது போலத்தான், அதனால் தமிழ்க் காதுக்குச் சிரமமே இல்லை. உங்களை 'கென்-ல' என்பார்கள். கென் என்றால் ஆசிரியர், கடைசியில் ஒட்டும் 'ல' நம் 'ங்க' மாதிரி ஒரு மரியாதை. அம்மாவுக்கு 'ஆமா-ல'. முதல் தடவை கேட்டபோது யாரோ தமிழில் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

பாடத்துக்கு என்ன தலைப்பு என்று யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சந்தையில் காய் விலை, பல்வலி, பேங்க் ஃபாரம். தப்பித் தவறியும் "எப்படித் தப்பித்து வந்தீர்கள்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் என் முதல் வாரத்தில் 'மை ஃபேமிலி' என்று தலைப்புக் கொடுத்தேன். நாற்பது வயது மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நாங்களும் அகதியாக வந்தவர்கள். டிசம்பரில் ஊருக்கு வரும்போது பைலகுப்பேயில் மூன்று கிழமை தங்கி உதவலாம் என்று நினைக்கிறோம். காசும் சேர்த்து வைத்திருக்கிறோம். (டொரோன்டோ)

அண்ணா, உங்கள் கையில் இருப்பது கனடா கடவுச்சீட்டு. மூன்று விஷயம் இடிக்கும்.

பைலகுப்பே, முண்ட்கோடு, ஹுன்சூர், கொள்ளேகால் குடியிருப்புகளில் வெளிநாட்டவர் தங்க உள்துறை அமைச்சகத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேண்டும். டில்லியில் உள்ள திபெத்திய நிர்வாகத்தின் அலுவலகம் வழியாக விண்ணப்பிப்பது வழக்கம், மாதக்கணக்கில் இழுக்கும். மெக்லியோட் கஞ்சுக்கு இது தேவையில்லை. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டு வேலைக்கும் ஒரு மாத உச்சவரம்பு உண்டு.

அடுத்தது காசு. வெளிநாட்டுக் குடிமக்கள் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம். கையில் கொடுத்துவிட்டு வந்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்.

மூன்றாவது, டிசம்பரில் அங்கே பாதி ஊர் இருக்காது. அக்டோபரிலிருந்து ஸ்வெட்டர் வியாபாரத்துக்கு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். நம் தெருவோரத்தில் குளிர்காலத்தில் கடை போடுகிறார்களே, அவர்களேதான். வீட்டில் மிஞ்சுவது கிழவர்களும் குழந்தைகளும்.

டொரோன்டோவிலேயே திபெத்தியர் நிறையப் பேர் வாழும் பார்க்டேல் இருக்கிறதே, அங்கே எட்டிப் பார்த்தீர்களா? 2010-இல் கனடா, அருணாசலப் பிரதேசத்திலிருந்து ஆயிரம் திபெத்தியரை எடுக்கச் சம்மதித்தபோது வீடும் வேலையும் பார்த்துக் கொடுத்தது தன்னார்வலர்கள்தான். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, டிரைவிங் டெஸ்ட், குளிருக்கு எந்தச் சப்பாத்து என்பதெல்லாம் உங்கள் ஆட்கள் முப்பது வருடம் முன்பு ஒருவருக்கொருவர் செய்த வேலை. அதை உங்களைவிட நன்றாக யார் செய்வார்?

பிரான்ஸில் இருந்து செய்ய ஏதும் உண்டா? (லா ஷப்பல், பாரிஸ்)

உண்டு. பாரிஸுக்கு வெளியே கோன்ஃப்ளான் சாந்த் ஒனரீனில் ஆற்றில் நிற்கும் ஒரு படகு வீட்டைச் சுற்றித்தான் புதிதாக வந்த திபெத்தியர்கள் பல வருடமாக அடைக்கலம் தேடினார்கள். பிரெஞ்சு வகுப்புக்கும் கடிதம் வாசித்துச் சொல்லவும் ஆள் தேவைப்படும். அகதி விண்ணப்பங்களை முடிவு செய்யும் ஓஃப்ப்ரா அலுவலகத்தின் விசாரணைக்குக் காத்திருப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்பார்ட்மென்டில் எல்லாரும் சேர்ந்து பழைய ஸ்வெட்டர், கம்பளி திரட்டியிருக்கிறோம். எங்கே அனுப்புவது? (சென்னை)

ஸ்வெட்டர் விற்றுப் பிழைக்கிற ஊருக்கா? வேண்டாம் சார். விற்றுப் பணமாக்கி ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். திபெத்தியக் குழந்தைகள் கிராமம், டிசிவி என்பார்கள், 1960-இல் 51 குழந்தைகளோடு தர்மசாலாவில் தொடங்கியது. மலையில் ரோடு போடப் போன பெற்றோரின் கூடாரங்களிலிருந்து நோயும் பசியுமாக வந்த பிள்ளைகள். தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா ஆரம்பித்தார், தங்கை ஜெட்சுன் பெமா நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். இப்போதும் ஒரு பிள்ளைக்கு என்று மாதாமாதம் கட்டலாம். எடுத்தால் பள்ளி முடியும்வரை விடாதீர்கள். மாதம் ஒரு நன்றிக் கடிதம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

நர்சிங் முடித்திருக்கிறேன். (திருநெல்வேலி)

தர்மசாலாவில் டெலெக் மருத்துவமனை 1971 முதல் இருக்கிறது. காசநோய்தான் அங்கே பெரிய போராட்டம். விடுதியும் மடமும் நெருக்கமான இடங்கள், ஒருவருக்கு வந்தால் பரவிவிடும். முதலில் எழுதிக் கேளுங்கள், பதிவுச் சான்றிதழை இணையுங்கள். கேட்காமல் போய் நிற்காதீர்கள்.

நேபாளத்தில், பொக்காராவில் இருக்கும் முகாம்களுக்குப் போகலாமா?

போய்ப் பார்க்கலாம், கம்பளம் வாங்கலாம். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாவிட்டாலும்தான். அங்கே பலரிடம் அகதி அட்டைகூட இல்லை. உங்களால் அவர்கள் மீது போலீஸ் கண் படவே கூடாது.

வகுப்புப் படங்களை இன்ஸ்டாவில் போடலாமா? நாலு பேருக்குத் தெரிந்தால் இன்னும் ஆள் வருவார்களே.

முகம், பெயர், ஊர் மூன்றும் வேண்டாம். படத்தில் இருப்பவருடைய அம்மா இன்னும் திபெத்தின் அம்தோ பகுதியில் இருக்கலாம், அந்தப் பக்கம் யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவரே சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்தாலும் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலிருந்து எடுத்தால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போதாது தம்பி, கரும்பலகையை எடுங்கள்.

வெறுங்கையோடு போக மனசில்லை. என்ன கொண்டு போகலாம்?

ஆளாளுக்குப் பரிசு வேண்டாம், பொதுவில் வைத்துச் சாப்பிட முறுக்கு. பதிலுக்கு வெண்ணெயும் உப்பும் போட்ட டீ வரும். டீ என்று நினைத்துக் குடித்தால் இறங்காது. ரசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது நாள் நீங்களே கேட்டு வாங்குவீர்கள். கப்பை முழுசாகக் காலி செய்தால் உடனே மறுபடி நிரப்பிவிடுவார்கள், கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.