கேம்ஷாஃப்ட்டை மாற்றினால் டார்க் கன்வெர்ட்டரையும் ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

ஆட்டோமேட்டிக் காரில் பெரிய கேம்ஷாஃப்ட் பொருத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தண்டு கேம்ஷாஃப்ட். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம், குறைந்த சுழற்சியில் உள்ளே இழுத்த காற்றில் ஒரு பகுதியைத் திரும்பத் தள்ளிவிடுவதால், இன்ஜினின் இழுவை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல்தான் உயிர்பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கன்வெர்ட்டரோ 1,800 சுற்றிலேயே இறுகப் பிடித்துவிடும். ரயில்வே கேட்டில் பிரேக்கை மிதித்தபடி டிரைவ் நிலையில் நிற்கும்போது வண்டி குலுங்கி அணைவதும் இந்தப் பொருத்தமின்மையால்தான்.

மண்டபம் தெற்குக் கரையில் வள்ளம் தள்ளுவோர், அலை வந்து அடிப்பகுதியைத் தூக்கும்வரை பொறுத்திருந்து, அந்த நொடியில்தான் தோள் கொடுப்பார்கள். முந்தினால் வள்ளம் மணலை விட்டு அசையாது. இன்ஜினுக்கு அந்த அவகாசத்தைத் தருவது ஸ்டால் எண் (கன்வெர்ட்டர் இறுகப் பிடிக்கும் சுற்று) உயர்ந்த கன்வெர்ட்டர். ஆனால் கன்வெர்ட்டருக்குள் வழுக்கல் (இன்ஜின் சுற்றும் அளவுக்குக் கியர்பாக்ஸ் பக்கம் சுற்றாமல் பின்தங்குவது) கூடினால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும்; நம் கடலோர வெயிலில் தனி ஆயில் கூலர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

ஸ்டால் 2,800 என்றால் அந்தச் சுற்று வரும்வரை கார் நகராது என்று பலர் நினைப்பது தவறு. அது பிரேக்கைப் பிடித்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நிலைக்கான எண், மெதுவாக மிதித்தால் அதற்கு வெகு கீழேயே கார் நகரத் தொடங்கிவிடும்.