ராக் குழுவில் பெண் குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலை கோயம்புத்தூரில். சிறுவயதில் சில ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்றேன். என் சுருதி ஐந்தரைக் கட்டை. வளைகுடாவில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த கேசட்டுகளின் வழியாக எழுபதுகளின் ராக் இசை என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போது கோவையில் பழைய ராக் பாடல்களை மட்டும் வாசிக்கும் ஒரு குழுவில் பாடுகிறேன். என்னைத் தவிர மற்ற அனைவரும் ஆண்கள், நல்லவர்கள்தாம். ஆனால் இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் எனக்குக் கிடைப்பவை மூன்று பாடல்கள். தி கிரான்பெரீஸின் ‘ஸோம்பி’, ஃபோர் நான் ப்ளாண்ட்ஸின் ‘வாட்ஸ் அப்’, ஜானிஸ் ஜாப்ளினின் ஒரு பாடல். மற்ற நேரமெல்லாம் பின்னால் நின்று கோரஸ் பாடுகிறேன்.

லெட் செப்பலினின் ‘பிளாக் டாக்’ பாடலை நான் பாடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் கிதார் அண்ணன், “அது ஆம்பளப் பாட்டு. உனக்காக ஸ்கேலை மாத்துனா பாட்டே செத்துப்போயிரும். கேக்கறவங்களும் ஒத்துக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா? ஆணுக்காக எழுதப்பட்ட வரிகளை ஒரு பெண் பாடினால் கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்காதா? பெண்கள் மட்டுமே உள்ள குழு ஒன்றைத் தொடங்குவதுதான் எனக்குரிய வழியா? கொச்சியின் ராக் குழுக்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் உங்களிடம் கேட்கத் தோன்றியது. பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கிதார் கலைஞர் ஒரே மூச்சில் இரண்டு காரணங்களைச் சொல்லியிருக்கிறார். ஒன்று சுருதியைப் பற்றியது, மற்றது கேட்பவர்களைப் பற்றியது. முதலாவதைப் பயிற்சி அறையில் பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்த்துவிட முடியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘பிளாக் டாக்’ 1971-இல் வெளிவந்த பாடல். ஏ சுருதியில், அதாவது நம் ஆர்மோனியக் கணக்கில் ஆறு கட்டையில் அமைந்தது. அதில் கருவிகள் எல்லாம் நின்றுவிட, குரல் மட்டும் தனியே ஒரு வரியைப் பாடும். பிறகு கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து அதற்குப் பதில் சொல்லும். லெட் செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட் அந்தத் தனி வரிகளில் போய் மோதுகிற உயரம், ஐந்தரைக் கட்டையில் பாடும் உங்களுடைய மேல் ஸட்ஜத்துக்கு ஒரே ஒரு ஸ்வர ஸ்தானம் தள்ளி, சுத்த ரிஷபத்தின் அருகில் இருக்கிறது. ஒரு வர்ணத்தின் சரணத்தை ஒழுங்காகப் பாடிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அது எட்டாத இடம் அல்ல. பிளான்ட், டீப் பர்ப்பிளின் இயன் கில்லன், ஜர்னியின் ஸ்டீவ் பெர்ரி ஆகிய அக்காலத்துப் பாடகர்களில் பலர் ஆண் குரலின் கூரையைத் தொட்டுக்கொண்டு பாடியவர்கள். அந்தக் கூரையோ பெரும்பாலும் பெண் குரலின் நடுப்பகுதியில் வந்து விழுகிறது. எனவே ‘ஸ்கேலை மாற்ற வேண்டும்’ என்ற பேச்சுக்கே உங்கள் விஷயத்தில் பல பாடல்களில் இடமில்லை. மூலச் சுருதியிலேயே நீங்கள் பாடலாம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, ஒருவேளை அவருக்கே பிடிபடாமலும் இருக்கலாம். அந்த உயரத்தில் ஓர் ஆண் பாடும்போது நம் காதில் விழுவது ஸ்வரம் மட்டுமல்ல, அதை எட்டுவதற்கு அவர் படும் பாடும்தான். நரம்பு புடைக்கப் பாடுகிறார் என்பது ஒலித்தட்டிலேயே தெரிகிறது, பாட்டின் வேகத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. அதே ஸ்வரத்தை நீங்கள் சிரமமின்றி, அதுவும் மேல் ஸ்தாயியில் குரலை மெலிதாக்கிக்கொள்ளும் நம் பயிற்சிப் பழக்கத்தோடு தொட்டால், சுருதி சரியாக இருக்கும், பாட்டு சப்பென்று போய்விடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘எட்டுமா’ என்பதன்று. ‘என் குரல் எங்கே திணறத் தொடங்குகிறது, பாட்டின் உச்சம் அங்கே வந்து சேர்கிறதா’ என்பதே. சில பாடல்களுக்கு நெஞ்சுக் குரலை விடாமல் மேலே கொண்டுபோவது போதும். சிலவற்றை, வழக்கமாக எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறாக, இரண்டு மூன்று அரைப்படிகள் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். தாழ்ந்த குரலில் பேசுவதுபோலப் பாடப்பட்ட டோர்ஸ், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பாடல்களைத்தான் உங்களுக்காக நன்றாகவே உயர்த்த வேண்டும். அங்கே கிதார் கலைஞரின் கவலை நியாயமானது, ஏனென்றால் ஈ, ஏ போன்ற திறந்த தந்திகளின் அதிர்வை நம்பி அமைந்த துணுக்குகள் இடம் மாறினால் அந்த முழக்கம் குறைந்துவிடும். கிதாரின் கழுத்தில் கேப்போ என்ற பிடியைப் போட்டுப் பார்க்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் அந்தப் பாடலை அவருக்கே விட்டுவிடலாம், பாடல்களுக்கா பஞ்சம்.

ஆனால் சுருதியை மாற்றினால் பாட்டு செத்துவிடும் என்பதைப் பொது விதியாக ஏற்க முடியாது, அதை முதலில் மீறியவர்கள் அந்தப் பாடல்களின் சொந்தக்காரர்களே. உங்கள் குழுவும் கட்டாயம் வாசிக்கும் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, ஈகிள்ஸ் குழுவின் கிதார் கலைஞர் டான் ஃபெல்டர் மெட்டமைத்தபோது ஈ மைனரில், நம் மூன்று கட்டையில் இருந்தது. பாடிய டான் ஹென்லிக்கு அது மிக உயரமாகப் போனதால் பி மைனருக்கு இறக்கிய பிறகே இன்று நாம் கேட்கும் பாட்டு உருவானது. 2007 டிசம்பரில் லண்டனில் லெட் செப்பலின் மீண்டும் ஒன்றுகூடி வாசித்தபோது, வயதான குரலுக்கு ஏற்பப் பல பாடல்களைச் சுருதி இறக்கியே வாசித்தார்கள், கேட்க வந்தவர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பாடுகிறவரின் குரலுக்குக் கருவி இசைந்து போவதென்பது பாலக்காட்டு மண்ணில் பிறந்த எவருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய சங்கதியும் அல்ல. தாழ்ந்த சுருதியில் பாடிய மஞ்சப்பரா எம்.டி. ராமநாதனுக்குப் பக்கவாத்தியக்காரர்கள் தந்தியைத் தளர்த்திக்கொண்டுதான் வாசித்தார்கள்.

இப்போது உங்களுக்குத் தரப்பட்ட மூன்று பாடல்களைப் பாருங்கள். ‘ஸோம்பி’ 1994-இல் வந்தது, ‘வாட்ஸ் அப்’ அதற்குச் சற்று முந்தையது. பழைய ராக் மட்டுமே வாசிப்போம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குழு, பெண்ணுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டுமே என்பதற்காகத் தன் எல்லையைத் தாண்டி இருபது ஆண்டுகள் முன்னே வந்திருக்கிறது. மூலத்துக்கு விசுவாசம் என்ற கொள்கை அங்கே தளர்ந்துவிட்டது, ‘பிளாக் டாக்’ என்றதும் இறுகிவிட்டது. இதை அவர்களிடம் சண்டையாக அல்லாமல் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லலாம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு அவர்களுடைய மனநிலையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் திருவிழாக்களில் நீங்களும் நானும் கேட்டு வளர்ந்த கானமேளாக்களில், வாளையாறுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மெல்லிசைக் குழு என்று சொல்கிறார்களே அதிலும், பெண் பாடகிக்கு என்று ஓர் இடம் எப்போதும் இருந்தது. திரைப்படப் பாடல்களில் பாதி டூயட், பெண் தனியாகப் பாடியவை ஏராளம். எனவே பாடகி இல்லாமல் எந்தக் குழுவும் மேடை ஏற முடியாது. மரியாதை எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கதை. இடம் இருந்தது, பாடல்களே அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தன. எழுபதுகளின் ராக்கில் டூயட் என்ற வடிவம் அரிது. ஒரு குழு, ஒரு முன்னணிப் பாடகர், பெரும்பாலும் ஆண். நம் பக்கத்திலும் அப்படித்தான்: 1977-இல் தொடங்கிக் கொச்சி ஹோட்டல் மேடையில் மேல்நாட்டுப் பாடல்களை வாசித்து வளர்ந்த 13ஏடி, பின்னர் வந்த மதர்ஜேன், அவியல் ஆகிய குழுக்களில் முன்னால் நின்ற குரல் ஆணின் குரலே. ஆகவே பாடல் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் ஒரு பெண்ணுக்கு இடம் தேடினால், கோரஸ் வரிசைதான் மிஞ்சும். பட்டியலையே திறந்து பார்க்க வேண்டும்.

கோரஸைக் குறைத்தும் சொல்லிவிட முடியாது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’ (1969) பாடலில் இன்று எல்லோரும் காத்திருந்து கேட்பது, நள்ளிரவில் கர்ப்பிணியாக வந்து பாடிவிட்டுப் போன மெரி கிளேட்டனின் குரல் உடைகிற அந்த இடத்தைத்தான். பிங்க் ஃபிளாயிடின் 1973 இசைத்தட்டில் ‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’ முழுவதையும் வார்த்தையே இல்லாமல் சுமந்தவர் கிளேர் டோரி. அதற்கு அன்று கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004-இல் அவர் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்ட பிறகுதான் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. உங்கள் குழு பிங்க் ஃபிளாயிட் வாசிக்கிறதென்றால் இந்தப் பாடலை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேளுங்கள். கீபோர்டு கலைஞரும் மகிழ்வார்.

அடுத்து, பெண்கள் ராக்கில் இடம் பிடித்த விதங்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: அவர்கள் பெரும்பாலும் பாடல்களோடு வந்தார்கள். 1966-இல் குழந்தை பிறந்த பிறகு சிக்னி ஆண்டர்சன் ஜெஃபர்சன் ஏர்ப்ளேனிலிருந்து விலக, அந்த இடத்துக்கு வந்த கிரேஸ் ஸ்லிக், தன் பழைய குழுவில் பாடிக்கொண்டிருந்த ‘வைட் ராபிட்’, ‘சம்படி டு லவ்’ இரண்டையும் கையோடு கொண்டுவந்தார். ஜெஃபர்சன் ஏர்ப்ளேனின் பெயர் இன்று நினைவில் இருப்பதே அந்த இரண்டினால்தான். ஃப்ளீட்வுட் மேக் குழுவில் கிறிஸ்டின் மெக்வீயும் ஸ்டீவி நிக்ஸும் எழுதிப் பாடிய பாடல்கள் இல்லாமல் 1977-இன் ‘ரூமர்ஸ்’ இல்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி முன்னால் வரும் அந்த அமைப்பு உங்கள் குழுவுக்கு மிகவும் பொருந்தும், அதில் யாரும் விருந்தாளி அல்லர். ஹார்ட் குழுவின் பாடகி ஆன் வில்சனை மறந்துவிடக் கூடாது. அந்தக் குழு தொடக்க காலத்தில் விடுதிகளில் செப்பலின் பாடல்களையே அதிகம் வாசித்தது. 2012-இல் வாஷிங்டனில் கென்னடி மையத்தின் விருது விழாவில் ஆன் வில்சன் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பாடியபோது மாடத்தில் அமர்ந்திருந்த ராபர்ட் பிளான்ட் கண்கலங்கியதை உலகமே பார்த்தது. அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது, உங்கள் கிதார் அண்ணனுக்கு அனுப்பிவையுங்கள். கேட்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான். நம் நாட்டில் 1969-இல் சென்னை அண்ணா சாலையின் நைன் ஜெம்ஸ் விடுதியில், புடவை கட்டிக்கொண்டு, பள்ளி இசை வகுப்பிலிருந்து விலக்கப்பட்ட அந்தத் தடித்த குரலோடு உஷா உதுப் பாடத் தொடங்கியபோதும் கேட்பவர்களைப் பற்றி யாரேனும் இதையே சொல்லியிருப்பார்கள்.

வரிகளில் வரும் ஆண், பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜானிஸ் ஜாப்ளின் ‘மீ அண்ட் பாபி மெக்கீ’ பாடியபோது மூலத்தில் பெண்ணாக இருந்த பாபியை ஆணாக்கிக்கொண்டார், பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றாமல் பாடினாலும் ஒன்றும் ஆகாது. நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகி உருகுவதை ஆயிரம் ஆண்டுகளாகப் பாடிவரும் மொழிக்காரர்கள் நாம். எனக்கு இதில் கேள்வியே எழவில்லை.

பெண்கள் மட்டும் கொண்ட குழு நல்ல யோசனைதான். லாஸ் ஏஞ்சலஸில் 2001-இல் தொடங்கிய தி அயர்ன் மெய்டன்ஸ், நியூயார்க்கில் 2004-இல் தொடங்கிய லெஸ் செப்பலின் இரண்டும், ஆண்களின் மிகக் கடினமான பாடல்களைப் பெண்களே முழுவதும் வாசித்துப் பாடி உலகம் சுற்றியவை. ஆனால் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவில் டிரம்ஸும் பேஸ் கிதாரும் நன்றாக வாசிக்கும் பெண்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் குரலின் நல்ல ஆண்டுகள் சில கழிந்துவிடும். அமைப்பாளர்களும் இசைக்காக அல்லாமல் வேடிக்கைக்காக அழைக்கத் தொடங்குவார்கள் என்ற ஐயமும் எனக்கு உண்டு. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர், பாடகி டி.கே. பட்டம்மாளுக்காக அந்த வழக்கத்தை விட்டார். பட்டம்மாளோ ஆண்களுக்கே உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக் காட்டியிருந்தார். ஆகவே இருக்கிற குழுவிலேயே ஒருமுறை முழுதாக முயன்று பாருங்கள்.

அதற்கு அனுமதி கேட்டு நிற்காதீர்கள். அடுத்த பயிற்சிக்கு மூன்று பாடல்களைச் சுருதி குறித்து, எந்த இடத்தில் யார் பாடுவது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ‘பிளாக் டாக்’ மூலச் சுருதியில், ஃப்ளீட்வுட் மேக்கின் ‘கோ யுவர் ஓன் வே’ ஓர் ஆணோடு பகிர்ந்து, பிங்க் ஃபிளாயிடின் அந்த வார்த்தையற்ற பாடல். கைபேசியில் பதிவு செய்து எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். மேடையில் உங்களுக்கென்று ஒரு மானிட்டர் பெட்டி வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். கிதார் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காத பாடகி கத்தத் தொடங்குவார், தொண்டை புண்ணாகும், பிறகு ‘பெண் குரல் தாங்காது’ என்பார்கள். பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறார்களா, உங்களுக்கு மட்டும் விருந்தினர் கூலியா என்பதை இப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உக்கடத்திலிருந்து கடைசிப் பேருந்து போன பிறகு முடியும் நிகழ்ச்சிகளுக்கு, உங்களை வீட்டில் கொண்டுவந்து விடும் வண்டிச் செலவு குழுவின் கணக்கில் சேர வேண்டும். அது உங்கள் பங்கிலிருந்து கழிக்கப்படக் கூடாது.