வேலையை விட்டுவிட்டு எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. வயது 31. காலை பத்து மணிக்கு ஆபீஸ், மாலை ஏழுக்கு வீடு. இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க கிளையன்டோடு கால். முடிய பதினொன்றாகிவிடும். மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன், நாலு அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ஒரு வருடம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக எழுத நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். ‘எல்லாத்தையும் விட்டாத்தான் கலை வரும்’ என்கிறான் நண்பன். உங்கள் கருத்து? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ர., சென்னை

அன்புள்ள ர.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

பணக்கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 300 ரூபாய் நாவலுக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 30,000. தமிழில் ஒருவரின் முதல் நாவல் ஆயிரம் பிரதி விற்றால் நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கலாம், அந்த மாத வாடகையைக் கட்டிவிட்டு மிச்சம் இருந்தால்.

உங்கள் நண்பருக்கு ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவின் கதையைச் சொல்லுங்கள். 1907இல் பிராக் நகரில், ஓர் இத்தாலியக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் நீளம், எழுத நேரமில்லை. ஒரு வருடம்கூட நிற்கவில்லை. விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதினாரா? இல்லை. 1908இல் இன்னொரு காப்பீட்டு அலுவலகத்தில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்து, ராத்திரி எழுதுவார். 1912 செப்டம்பரில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, காலை ஆறு மணிக்கு ஒரு கதையை முழுசாக முடித்து எழுந்தது இந்த வேலையில் இருக்கும்போதுதான். 1922இல் காசநோயால் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். ஆபீஸைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் புலம்பினார், அது வேறு விஷயம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட பிரச்சினையும் வேலை அல்ல, அந்த ஒன்பதரை மணி கால். ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ஏழு மணியிலிருந்தே மனசு அதற்காகக் காத்திருக்கிறது, முடிந்த பிறகும் தூக்கம் வருவதில்லை. அது இல்லாத டீமுக்கு மாற்றல் கேளுங்கள். இன்க்ரிமென்ட் குறைந்தால் குறையட்டும். சேமிப்பை அந்தக் குறையை ஈடுகட்ட வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையென்றால் அப்புறம் வேறு கம்பெனி தேடலாம்.

அதுவரை காலையில் எழுதுங்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் அஞ்சல் துறை அதிகாரி. விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக ஒரு வேலையாளுக்கு வருடத்துக்கு 5 பவுண்ட் கூடுதலாகக் கொடுத்தார். (அந்த வேலையை மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள்.) உங்களுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். நாளுக்கு 300 வார்த்தை, வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஐம்பது வாரத்தில் 75,000. நல்ல கனமான நாவல்.

இன்னொன்று. நாவலை ஆபீஸ் லேப்டாப்பில் வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். நாம் உருவாக்குவது யாருக்குச் சொந்தம், வெளியே வேறு வருமானம் வரலாமா என்றெல்லாம் சில கம்பெனிகள் அதில் எழுதியிருக்கும்.

வேலையை விட்டவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். அசோகமித்திரன் இருக்கிறார். 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். ஆனால் அதற்கு முன்பே பத்தாண்டுக்கு மேல் வேலையோடு சேர்த்து எழுதிக்கொண்டிருந்தவர் அவர். விட்டபின் பட்ட பணக்கஷ்டமும் கொஞ்சமல்ல. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: ‘கரைந்த நிழல்கள்’ அந்த சினிமா உலகத்திலிருந்து வந்த நாவல். அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த வருடங்கள் வீணாகவில்லை.

இதை உங்கள் அத்தியாயத்தை வாசித்ததால் சொல்கிறேன். தாத்தாவின் கிராமம், ஆற்றங்கரை, கோயில் திருவிழா எல்லாம் ஏற்கெனவே பலர் எழுதியது, நீங்களும் அதையே இன்னும் மெதுவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பதினான்காம் பக்கத்தில் ஒருவன் மைக்கை ம்யூட்டில் போட்டுவிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறான். தன் பெயரைக் கூப்பிட்டது கேட்டதும், எச்சில் கையோடு மவுஸைத் தொடுகிறான். அரைப் பக்கம்தான், நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். அவனை ஏன் அதற்குப் பிறகு காணோம்? அடுத்த அத்தியாயத்தில் அவனைக் கொண்டுவந்து எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.