கேளுங்கள், சொல்கிறோம்: எண்ணெயும் சண்டையும் மட்டுமா மேற்காசியா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு மேற்காசியா நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு எண்ணெயும் சண்டையும்தான் தெரிகிறது. மதத்தைப் பற்றிப் பேசினால் வம்பு வருமோ என்றும் பயம். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, குடியாத்தம்

பதில்: முதல் நாள் போரைத் தொடவே வேண்டாம், டீச்சர். வரைபடத்தை மாட்டிவிட்டு, யார் வீட்டிலிருந்து துபாய், குவைத், ரியாத் போயிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பாடத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஈரான். அங்கே ஆட்சி மொழி அரபு இல்லை, பாரசீகம். ஆற்காடு நவாப் தர்பாரில் புழங்கியதும் அதே பாரசீகம்தான். லெபனானில் மரபுப்படி ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம். 'அங்கே எல்லாரும் ஒன்றுதான்' என்ற நினைப்பு இதிலேயே ஆட்டம் கண்டுவிடும். பாக்தாத்தை விட்டுவிடாதீர்கள்: 9ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி எழுதியதுதான் பிறகு லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவில் பரவியது (கணக்கு வாத்தியாரையும் அன்றைக்கு இழுத்து வந்துவிடலாம்).

மத விஷயமா? வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில், மசூதி, தேவாலயம் மூன்றையும் பார்த்த பிள்ளைகளுக்கு, ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பழைய ஜெருசலேமில் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற மூன்று மதத்தின் புனித இடங்கள் இருப்பது சட்டென்று பிடிபடும், அங்கே உரிமைத் தகராறு இருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யூதர்கள் இப்படி நம்புகிறார்கள், முஸ்லிம்கள் இப்படி நம்புகிறார்கள் என்று சொல்வது பாடம்; எது சரி என்பது நம் வேலை இல்லை. ஒன்றே ஒன்று, வகுப்பில் உள்ள முஸ்லிம் பிள்ளையை எழுப்பி 'நீ சொல்லு' என்று மட்டும் கேட்காதீர்கள், சவூதியைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்த அளவுதான் அதற்கும் தெரிந்திருக்கும்.