இரண்டு கிழமையில் எத்தனை நாள்?

அன்புள்ள அக்கா,

நான் உளவியல் படிக்கிறேன், ஊர் தலவாக்கலைப் பக்கம். ஆய்வுக்காக, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 வினாக்கொத்தைத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்து, தேயிலைத் தோட்டத்திலும் கண்டி டவுனிலும் கொடுத்தேன். நம்பகத்தன்மையைக் காட்டும் அல்ஃபா எண்ணும் நன்றாகவே வந்தது. மதிப்பெண் சராசரி இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். "வித்தியாசமில்லை என்று எழுதிவிடு" என்கிறார்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த எனக்கு அது நம்ப முடியவில்லை. நான் பக்கச்சார்பாக யோசிக்கிறேனா?

– ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

பக்கச்சார்பு இல்லை. ஆனால் நம்ப முடியவில்லை என்று ஆய்வில் எழுதவும் முடியாது, அதனால் என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன்.

போன வருடம் அந்த ஒன்பது கேள்விகளையும் அவரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் வந்து, அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "இது வீடு குடுக்கிற லிஸ்ட்டுக்கா?" என்றார் முதலில். இல்லை என்றேன், நம்பவில்லை. இரண்டாவது கேள்வியில் 'மனச்சோர்வு', நான்காவதில் 'சோர்வு'. "இதத்தானே இப்ப கேட்ட?" அப்புறம், கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் என்றதும் விரல் விட்டு எண்ணி "பதினோரு பேர்" என்றார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவில், பேர் விழுந்த வேலை நாட்களை எண்ணியிருக்கிறார்! பேர் விழுந்த நாளெல்லாம் அலுப்பாம், மற்ற நாளில் துணி துவைக்கிற அலுப்பாம். சோர்வுக்கு முழுசாக 3, அதாவது 'ஏறக்குறைய தினமும்'. இரண்டாவது கேள்வியில் உள்ள நம்பிக்கையிழப்புக்குத் திரும்பி வந்தபோது மருமகள் அடுப்படியில் நின்றாள். "அப்படியெல்லாம் ஒன்னுமில்ல." பூச்சியம். அவள் தண்ணிக்குப் போன பிறகு, நான் கேட்காமலே, "ரெண்டு மாசமா ஒரே யோசனையா இருக்கு, நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி" என்றார். இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

உன் சராசரியிலும் இதுதான் நடந்திருக்கலாம். கொழுந்தெடுக்கிறவருக்கு அலுப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகள் வேலையாலேயே ஏறிவிடும், மனசைப் பற்றியவை கூச்சத்தால் இறங்கிவிடும், கூட்டிப் பார்த்தால் டவுனில் வங்கியில் இருக்கிறவரின் எண்ணிலேயே வந்து நிற்கும். அல்ஃபா கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை மட்டும்தான் சொல்லும், எதை அளக்கின்றன என்று சொல்லாது. திரும்ப மொழிபெயர்ப்பது பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதியதிலிருந்து எல்லோரும் செய்வதுதான், ஆனால் தமிழாக்குகிறவரும் திரும்ப ஆங்கிலமாக்குகிறவரும் பல்கலைக்கழகத் தமிழ்க்காரர்களாக இருந்தால் மனச்சோர்வு ஒழுங்காக டிப்ரஷனாகிவிடும், பெரியம்மா அந்த வழியில் எங்கேயும் இல்லை. (தமிழ் என்றால் ஒரே தமிழ் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்து வினாக்கொத்து ஒன்றை மலையகத்து அட்டனுக்கு அனுப்பிப் பார்க்கட்டும்.)

2001இல் அமெரிக்காவில் 6,000 நோயாளிகளிடம் இந்த வினாக்கொத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் 27க்கு 10 வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்ற கோடு நமக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் 580 பேரை மனநல நிபுணர்கள் தனியாக நேர்காணல் செய்து, அந்த முடிவோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டதை மறந்துவிடுகிறோம். தோட்டத்தில் அந்த வேலையைச் செய்யாமல் 10 என்ற கோட்டை மட்டும் எடுத்து வந்து என்ன பயன்?

சரி, இப்போது உன்னால் முடிந்தது. மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு கேள்வியாகப் பார். மொத்தம் ஒன்றாக வந்த இரண்டு பேரில் தோட்டக்காரர் நான்காவது கேள்விக்குத் தொடர்ந்து கூடுதலாகப் போடுகிறாரா? அப்படியென்றால் 'வித்தியாசமில்லை' என்று எழுதாதே, 'இந்த எண்களை ஒப்பிட முடியவில்லை' என்று எழுது, அதுவும் ஒரு முடிவுதான். பிறகு பத்துப் பேரோடு உட்கார்ந்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படி விளங்கியது?" என்று மட்டும் கேள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வேண்டாம், வேலை வாங்குகிற கங்காணி காதில் விழும்.

இன்னொன்று. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு யாராவது பூச்சியத்துக்கு மேல் சொல்லியிருந்தால் ஆய்வு முடியும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே உன் மேற்பார்வையாளரிடம் சொல். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தையும் அப்படிச் சொன்னவரிடம் கொடு.

அன்புடன்,
அக்கா