முப்பத்தாறு வயதுக்குப் பிறகு என்ன?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "முப்பத்தைந்து வயதில் முடிந்துபோகிற கால்பந்துத் தொழிலை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது?" படிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் இந்தக் கடிதம்.

உங்கள் மகன் நடுக்களத்தில் ஆடுகிறவன். ஆகவே ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். வாங்கிய கோப்பைகளை விட்டுவிடுங்கள். எங்கெங்கே பின்னுக்குத் தள்ளப்பட்டார், அப்போது என்ன செய்தார் என்று பாருங்கள்.

ரூயி கோஸ்டா, போர்ச்சுகல்காரர். 1972இல் பிறந்தவர். சிறு பிள்ளையாகவே லிஸ்பன் நகரத்தின் பென்ஃபிகா கிளப்பில் சேர்ந்துவிட்டார். பதினெட்டு வயதில் அவரைப் பெரிய அணியில் இறக்கவில்லை. வடக்கே ஃபாஃபே என்ற சிறிய ஊரின் அணிக்கு, கீழ்ப்பிரிவில் ஆடுவதற்கு, ஒரு பருவம் இரவலாக அனுப்பினார்கள். அது முடிந்த கையோடு 1991இல் இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை வந்தது. இறுதி ஆட்டம் பென்ஃபிகாவின் சொந்த லுஸ் மைதானத்தில், லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால், பிரேசிலோடு நடந்தது. கோல் விழாததால், இரு அணியும் மாறி மாறிக் கோலை நோக்கி அடித்து முடிவு செய்கிற பெனால்டிக்குப் போயிற்று. கோப்பையை உறுதிசெய்த கடைசிப் பெனால்டியை அடித்தவர், ஃபாஃபேயிலிருந்து வந்த இந்தப் பையன்தான்.

அகாடமியில் உங்கள் மகனை இரண்டாவது அணிக்கு மாற்றியதை அவமானம் என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள். அங்கே அவன் முழு நேரமும் களத்தில் இருக்கிறானா? அதை மட்டும் விசாரியுங்கள். இருக்கிறான் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். முதல் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்படுவேன்.

ரூயி கோஸ்டா 1994இல் இத்தாலிக்குப் போய், ஃபியோரென்டினா கிளப்பில் ஏழு பருவங்கள் ஆடினார். கடைசிப் பருவத்தில் அவர்தான் கேப்டன். 2001இல் இத்தாலியக் கோப்பையை வென்ற கையோடு, பணமுடையில் இருந்த கிளப் அவரை ஏசி மிலான் கிளப்புக்கு விற்றது. மறு ஆண்டே ஃபியோரென்டினா திவாலானது. வேலை கொடுக்கிற நிறுவனமே கவிழ்வது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். மிலானில் 2003இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் வென்றார். அதே ஆண்டு பிரேசிலிலிருந்து காகா என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். ரூயி கோஸ்டாவின் இடம் மெல்ல மெல்ல அவருக்குப் போனது.

2004ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஐரோப்பியக் கோப்பை அவருடைய சொந்த நாட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டத்தில் போர்ச்சுகல் கிரீஸிடம் தோற்றது. அடுத்த ஆட்டத்திலேயே பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரை பெஞ்சில் உட்கார வைத்து, இன்னொரு நடுக்கள ஆட்டக்காரரான டெக்கோவை இறக்கினார். அப்போது அவருக்கு 32 வயது. ரஷ்யாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கடைசி நிமிடங்களில் கோல் அடித்தார். இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியிலும் தாமதமாகத்தான் இறக்கப்பட்டார். கூடுதல் நேரம், 110ஆவது நிமிடம். பந்தோடு முன்னேறுகிறார், இங்கிலாந்தின் பில் நெவில் மோதியும் அவர் விழவில்லை. கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு வலைக்குள் போகிறது. அரங்கமே எழுந்து நிற்கிறது. சில நிமிடங்களில் இங்கிலாந்து சமன் செய்துவிட, ஆட்டம் பெனால்டிக்குப் போகிறது. அங்கே அதே ரூயி கோஸ்டா பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிடுகிறார்! போர்ச்சுகல் எப்படியோ வென்றது. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கிரீஸிடமே தோற்றது. அதுவே நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். மொத்தம் 94 ஆட்டங்கள், 26 கோல்கள்.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அப்படி ஆடுகிற மனது உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்களும் பயிற்சியாளரும்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரூயி கோஸ்டா 2006இல் பென்ஃபிகாவுக்கே திரும்பி, 2008 மே மாதம் 36 வயதில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அதே மாதத்தில் அந்தக் கிளப்பின் கால்பந்து இயக்குநரானார். அர்ஜென்டினா ஆட்டக்காரர் பாப்லோ ஐமரைக் கொண்டுவந்தார்கள். ரூயி கோஸ்டா அணிந்திருந்த பத்தாம் எண் சட்டை அவருக்குப் போனது. 2010இல் பென்ஃபிகா போர்ச்சுகல் லீக் பட்டம் வென்றது. 2021இல் அதே கிளப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். யாருக்கு எங்கே இடம் இருக்கிறது என்று நடுக்களத்தில் நின்று பார்த்துப் பழகிய கண், மேசைக்குப் பின்னாலும் உதவியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். 1991இல் அவரோடு கோப்பை வென்ற எல்லோரும், அதே அணியில் ஆடிப் பின்னால் உலகப் புகழ் பெற்ற ஃபிகோவாகவோ ரூயி கோஸ்டாவாகவோ ஆகிவிடவில்லை. அதனால் பன்னிரண்டாம் வகுப்பை ஒழுங்காக முடிக்கட்டும். நல்ல அணி உள்ள கல்லூரியாகப் பார்ப்போம். உடற்கல்வி, பிசியோதெரபி இரண்டையும் விருப்பப் பட்டியலில் வையுங்கள். பயிற்சியாளர் சான்றிதழின் முதல் படியைப் படித்துக்கொண்டே முடித்துவிடலாம். காலில் அடிபட்டு ஆறு மாதம் வீட்டில் கிடந்தாலும் கையில் ஒரு வேலை இருக்கும்.

இன்னொன்று. அன்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அம்புக்குறிகளாக வரைந்துகொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். முந்தின நாள் தோற்ற ஆட்டத்தில், பந்தை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று வரைந்ததாகச் சொன்னான். நீங்கள் அதைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துவிட்டீர்கள். வருகிற சனிக்கிழமை அவனை மறுபடி அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.